துரைராஜின் மதியச் சாப்பாடு

துரைராஜ் செத்தது தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலப் படியில். தொண்ணூற்றிரண்டாம் வருஷம், பிப்ரவரி மாதம், காலை ஆறரை மணி. பெருங்களத்தூரில் ரயில் ஏறி வந்து இறங்கியவன், பாதிப் படி ஏறி, உட்கார்ந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டான். பின்னால் வந்தவர்கள் குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒதுங்கிப் போனார்களாம். அவனைப் பார்த்து அப்படி நினைத்தார்களே, அது எனக்கு இன்றுவரை ஆறவில்லை. பீடி, சிகரெட், பிராந்தி எதையும் தொடாதவன். டீயைக்கூட விட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது முப்பத்தொன்று.

அவனைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. படப்பைக்கு உள்ளே தள்ளி ஏரிக்கரை ஊர் ஒன்றில் பிறந்தான். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா செல்லியம்மாள் நடவுக்கும் களை எடுக்கவும் போய் அவனை ஐ.டி.ஐ. வரை படிக்க வைத்தாள். இருபத்தோரு வயதில் எங்கள் மின்சார ரயில் ஷெட்டில் பிட்டராகச் சேர்ந்தான். குன்றத்தூர்ப் பெண் கனகவல்லியைக் கட்டினான். ஒரு பெண் குழந்தை, ரெண்டு வயது. நியாயமாக இவன் ரிட்டயராகி, பென்ஷன் வாங்கி, மண்ணெண்ணெய் வரிசையில் நாலு பேரோடு சண்டை போட்டு, எழுபத்தைந்து வயதில் இருமிச் சாக வேண்டியவன். பிரேக் பிளாக் மாற்றுவதில் அவனுக்கு ஈடு இன்னொருவன் எங்கள் ஷெட்டில் கிடையாது. ஒரு வேலையை எடுத்தால் பாதியில் விடத் தெரியாது. அந்தக் குணம்தான் அவனை எட்டு மாதம் பட்டினி போட்டது.

நான் யேசுதாசன், அதே ஷெட்டில் அவனுக்கு ஏழு வருஷம் சீனியர். இந்தக் கதையில் நான் நல்லவன் கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லாம் பக்தவச்சலத்தில் ஆரம்பித்தது. எங்கள் ஷெட் வாலிபால் டீமில் ஸ்மாஷ் அடிக்கிறவன். இருபத்தொன்பது வயது, ஆறடி உயரம். தொண்ணூற்றொன்று ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பந்தை அடிக்க எழும்பியவன் கீழே வந்தபோது உயிரோடு இல்லை. அவ்வளவுதான். முந்தின நாள் என்னிடம் பிளையர் கடன் வாங்கியவன்.

கிழவன் செத்தால் யாரும் பயப்படுவதில்லை. இருபத்தொன்பது வயதுக்காரன் செத்ததும் ஷெட் முழுவதும் நெஞ்சைத் தடவிப் பார்க்க ஆரம்பித்தது. சாவு வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்த அத்தனை பேரும் டாக்டர் ஆனார்கள். பிராய்லர் கோழிதான் காரணம் என்றான் ஒருவன், அதற்கு ஊசி போட்டு வளர்க்கிறானாம். ரேஷன் பாமாயில் என்றான் இன்னொருவன். பரோட்டா, வனஸ்பதி, ரெண்டு நிமிஷத்தில் வெந்துபோகிற சேமியா, சோடா, பட்டறைப் புகை, ஒன்றையும் விடவில்லை. செத்தவனுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தால்தானே அந்தக் காரணத்தை நாம் விட்டுவிட்டுப் பிழைத்துக்கொள்ளலாம்? ஒரே வாரத்தில் பாதிப் பேர் எதையாவது விட்டார்கள். முட்டையின் மஞ்சளைப் பிய்த்துக் காக்காய்க்குப் போட்டவனைக் கண்ணால் பார்த்தேன். நான் டால்டாவை விட்டேன். டால்டா எங்கள் வீட்டுக்கு வருவது கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான்.

இந்தச் சமயத்தில்தான் சம்பந்தத்துக்கு யோகம் அடித்தது. சம்பந்தம் டைம் ஆபீஸ் கிளார்க். ஏதோ ஒரு ஊரில் பத்து நாள் இயற்கை உணவு முகாமுக்குப் போய்விட்டு வந்து, மூன்று வருஷமாக யாரும் கேட்காமல் பிரசங்கம் செய்துகொண்டிருந்தவர். அடுப்பைப் பார்த்த சோறு செத்த சோறு என்பார். உப்பு, புளி, மிளகாய், எண்ணெய் நாலும் எமன் அனுப்பிய ஆட்கள் என்பார். தட்டச்சு செய்து சைக்ளோஸ்டைலில் உருட்டி எடுத்த நோட்டீஸை நம் சட்டைப் பையில் அவரே சொருகுவார். பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டி முளைக்க வைத்து, தேங்காய்ப் பத்தையோடு வாயில் போட்டு, ஒரு கவளத்தை முப்பத்திரண்டு முறை மெல்லுவார். அந்த முப்பத்திரண்டையும் எதிரே உட்கார்ந்து நாம் பார்க்க வேண்டும். ஆள் ஏமாற்றுக்காரர் இல்லை, சொன்னபடியே தின்று வாழ்ந்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் அவரால் இவ்வளவு கெடுதல் நடந்திருக்காது.

பக்தவச்சலம் செத்த வாரத்தில் அவர் பின்னால் பதினேழு பேர் பயறு மென்றார்கள். ஆடி மாதம் கூழ் ஊற்றியபோது பத்துப் பேர் கழன்றார்கள். தீபாவளிக்கு மிச்சப் பேரும் போனார்கள். துரைராஜ் மட்டும் நின்றான்.

அவனிடம் நான் கேட்டேன், உனக்கு எதற்கடா இந்தப் பேஜார் என்று. குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் பக்தவச்சலம் ஞாபகம் வருகிறது என்றான். அப்பா இல்லாமல் வளர்ந்தவன் பயம் அவனுக்குத்தான் தெரியும். அதைக் கேட்ட பிறகு நான் கிண்டல் செய்யவில்லை. எனக்கு வேறு லாபமும் இருந்தது.

கனகவல்லியின் சமையல் அப்படி. புருஷன் சாப்பிடுவதைப் பார்த்தே வயிறு நிறைகிற பெண். அவளிடம் போய், உன் அடுப்பு எனக்கு வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ராத்திரியில் சோறு செரிக்கவில்லை, பழம் போதும் என்று டாக்டர் சொன்னதாக ஒரு பொய்யைச் சொல்லி, ராத்திரிக்கு மட்டும் நாலு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டான். அப்படியானால் மத்தியானமாவது வயிறாரச் சாப்பிடுங்கள் என்று அவள் தன் வித்தை அத்தனையையும் டிபன் கேரியரில் அடைத்து அனுப்ப ஆரம்பித்தாள். வஞ்சிரம் வறுவல், எண்ணெய்க் கத்திரிக்காய், நெத்திலிக் கருவாட்டுத் தொக்கு, முட்டை போட்ட காரக் குழம்பு. அவன் சம்பந்தத்துக்கு எதிரே உட்கார்ந்து பயறு மெல்லுவான். கேரியர் என் பக்கம் நகரும்.

என் மனைவி ஞானம்மாள் ஆஸ்பத்திரி நர்ஸ். காலை ட்யூட்டிக்கு ஐந்தரைக்கே கிளம்புகிறவள். என் டப்பாவில் இருப்பது நேற்றைய சோறும் ஊறுகாயும். அதை ஷெட் நாய்க்குப் போட்டுவிட்டு எட்டு மாதம் துரைராஜின் சாப்பாட்டைத் தின்றேன். நாலு கிலோ ஏறினேன். கேரியரைக் கழுவித் துடைத்து அவனிடம் கொடுப்பதும் நான்தான். ஒரு நாள் அவன், "அண்ணா, வூட்ல கேப்பா, இன்னிக்கு கொழம்பு எப்டி இருந்துச்சுன்னு. நீ சொல்லு, நான் அப்டியே சொல்லிட்றேன்" என்றான். புளி கொஞ்சம் தூக்கல் என்று சொன்னேன். மறுநாள் புளி குறைந்து வந்தது.

அவன் செத்த அன்று ரயில்வே போலீஸ் பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபோது கூடப் போனது நான். அறுத்துப் பார்த்த டாக்டர் வெளியே வந்து கை துடைத்துக்கொண்டே சொன்னார், பிறக்கும்போதே இதயத் தசை தடித்திருக்கிறது, இப்படிப்பட்டவர்கள் சின்ன வயதில் திடீரென்று போய்விடுவது உண்டு என்று. பயறு தின்றதால் போகவில்லை, வறுவல் தின்றிருந்தாலும் போயிருப்பான். எவன் எதை விட்டாலும் எதைத் தின்றாலும் அந்தப் படியில் அந்தக் காலையில் அவன் உட்கார்ந்திருப்பான். இதைக் கேட்டவன் நான் ஒருவன்தான்.

மத்தியானம் பிணம் வீட்டுக்கு வந்தது. அதே பெஞ்சு, அதே டாக்டர்கள். இந்த முறை ஒரு சிக்கல், அவர்கள் எல்லாரும் சம்பந்தத்தைப் பார்த்தார்கள். உங்கள் சிஷ்யன் ஆச்சே என்று ஒருவன் கேட்டேவிட்டான். மனிதர் வெலவெலத்துப் போனார்.  பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"நான் எவ்வளவோ சொன்னேன் சார். வீட்ல கேக்கணுமே. தினம் கேரியர்ல எண்ணெய்ல பொரிச்சது, வறுத்தது. ஒரு மனுஷன் எத்தனை நாள் தாங்குவான்?"

பொய் என்று சொல்ல முடியாது பாருங்கள். கேரியரில் பொரித்ததும் வறுத்ததும் வந்தது நிஜம். அவர் கண்ணெதிரேதான் வந்தது. அதைத் தின்றது யார் என்பதை மட்டும் விட்டுவிட்டார். சொல்லும்போது என்னை ஒரு தடவை பார்த்தார். நான் குனிந்து செருப்பைத் தேடினேன்.

அந்த வார்த்தை பெஞ்சிலிருந்து உள்ளே போக ஐந்து நிமிஷம் ஆகவில்லை. மகன் தலைமாட்டில் இருந்த செல்லியம்மாள் அழுகையை நிறுத்திவிட்டு மருமகளைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் ஞானம்மாள் துக்கம் விசாரித்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். கனகவல்லி வாதாடவே இல்லையாம். அவங்க சொல்றது நெசந்தான் அக்கா, நான்தான் வாரத்துக்கு ரெண்டு நாள் வறுத்து அனுப்பினேன் என்று சொல்லித் தன் கன்னத்தில் அடித்துக்கொண்டாளாம். ஞானம்மாள் இதைச் சொன்னபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை. ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தேன்.

சொல்லியிருக்கலாம். போய் நின்று ரெண்டு வாக்கியம். ஆனால் செத்தவன் சோற்றை எட்டு மாதம் தின்றவன் என்று ஷெட் முழுக்கப் பேர் வருமே என்று பயந்தேன். அவனே மறைத்ததை நான் ஏன் சொல்ல வேண்டும் என்று நியாயம் பேசிக்கொண்டேன். காரியம் முடியட்டும், துக்கம் ஆறட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளினேன். இத்தனைக்கும் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவன்.

பன்னிரண்டாம் நாள் ரயில்வே வெல்பேர் இன்ஸ்பெக்டர் அவர்கள் வீட்டுக்குப் போய்வந்த பிறகுதான் விஷயம் முற்றியது தெரிந்தது. கருணை அடிப்படையில் கனகவல்லிக்கு ஷெட்டில் வேலை கிடைக்கும். பத்தாவது படித்தவள், தடையில்லை. மாமியாருக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு தாளில் கைநாட்டு வேண்டும். செல்லியம்மாள் மறுத்துவிட்டாள். என் பிள்ளையைக் கொன்றவளுக்கு அவன் வேலை ஒரு கேடா என்று கேட்டாளாம். அந்த வேலையைத் தன் சின்ன மகன் முனிரத்தினத்துக்குத் தரச்சொல்லி மனுப் போடப் போவதாகச் சொன்னாளாம். முனிரத்தினம் படப்பைக் கடைத்தெருவில் நின்றுகொண்டு போகிற பஸ்ஸை எல்லாம் எண்ணுகிறவன், எட்டாவது தாண்டவில்லை. மனுப் போட்டால் அவனுக்கும் கிடைக்காது, இவளுக்கும் கிடைக்காது, பைல் வருஷக் கணக்கில் தூங்கும் என்று இன்ஸ்பெக்டர் என்னிடம் தலையில் அடித்துக்கொண்டார். கனகவல்லி ஏதாவது சொன்னாளா என்று கேட்டேன். அத்தை செய்கிறது சரிதான் என்று சொன்னாளாம். அதைக் கேட்டும் நான் போய்ச் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை என்னிடம் கொடுத்து, காரியத்தன்று நீங்கள் பேசிப் பாருங்கள் என்றார். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் காரியம் அம்மா ஊரில் நடந்தது. அவர்கள் வழக்கப்படி, செத்தவன் ஆசையாகச் சாப்பிட்டதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் தலைவாழை இலையில் படைப்பார்கள். சமையலுக்கு ஊர் ஆளைப் பிடித்திருந்தார்கள். கனகவல்லி அடுப்புப் பக்கமே வரக்கூடாது என்று மாமியார் உத்தரவு. அவள் கொல்லைக் கதவோரம் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பதினாறு நாளில் பாதியாகிப் போயிருந்தாள்.

இலை போட்டு வடை, பாயசம் எல்லாம் வைத்து, கற்பூரம் ஏற்றப் போகிற நேரம். சம்பந்தம் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் ஈரத்துணி மூட்டை. எல்லாரையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய், மூட்டையை அவிழ்த்து, முளைகட்டின பச்சைப்பயறை ரெண்டு கையாலும் அள்ளி இலை நடுவில் வைத்தார். கூடவே தேங்காய்ப் பத்தை நாலு. கும்பிட்டுத் திரும்பி, கண் கலங்க, ஒரு பிரசங்கத்தையும் ஆரம்பித்தார்.

"துரைராஜ் கடைசியா விரும்பிச் சாப்பிட்டது இதுதாம்மா. என்கூட உக்காந்து, தினம் மத்தியானம், ஒரு நாள் தவறினது இல்ல. அவன் மாதிரி கட்டுப்பாடு யாருக்கும் வராது."

இந்த மாதிரி ஒரு மடத்தனத்தை வேறு யார் செய்திருக்க முடியும்? சாவு வீட்டில் தன் கொள்கையைக் காப்பாற்றச் சொன்ன பொய்யை, காரிய வீட்டில் தன் கொள்கைக்குப் பெருமை தேடப் போய் அவரே உடைத்தார். அது உடைந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கைகட்டி நின்றார்.

செல்லியம்மாளுக்கு எழுத்துத் தெரியாது, கணக்குத் தெரியும். பயறைப் பார்த்தாள். சம்பந்தத்தைப் பார்த்தாள்.

"தெனம் மத்தியானம் இத்தத்தான் துன்னானா?"

"ஆமாம்மா. எட்டு மாசம்."

"அப்போ இவ கட்டிக் குட்த்த சோத்த யாரு துன்னது?"

 சம்பந்தத்தின் கண் கூட்டத்தில் என்னைத் தேடியது. அவர் காட்டிக்கொடுப்பதற்கு முன்னால் நான் எழுந்ததை மட்டும் என் கணக்கில் புண்ணியமாக எழுதிக்கொள்ளலாம். ரெண்டு வினாடி பிந்தியிருந்தால் அதுவும் இல்லை.

"நான்தாம்மா" என்றேன். "எட்டு மாசமும் நான்தான் துன்னேன். அவன் ஒரு வாய்கூட வைக்கல." பிறகு டாக்டர் சொன்னதையும் சொன்னேன். பிறவியிலேயே இருந்த கோளாறு என்றும், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்றும் சொன்னேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது.

யாராவது என்னை அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அசையவில்லை. செல்லியம்மாள் இலைக்குப் போய், பயறையும் தேங்காயையும் கையால் வழித்துச் சம்பந்தத்தின் துணியிலேயே போட்டு, அவர் கையில் கொடுத்தாள்.  அவர் வாங்கிக்கொண்டு வெளியே போனார். போகும்போதும் யாரிடமோ, விரதத்தை முறையாகக் கடைப்பிடித்தானா என்பதே சந்தேகம் என்று சொல்லிக்கொண்டு போனாராம்.

அப்புறம் அவள் கொல்லைக் கதவுப் பக்கம் திரும்பினாள். பதினாறு நாள் கழித்து மருமகளிடம் முதல் வார்த்தை.

"அடுப்பு எரியுது. அவனுக்கு இன்னா செஞ்சி அனுப்புவியோ அத்தச் செய்யி."

கனகவல்லி எழுந்தாள். வந்திருந்த ஜனம் முழுக்க ஒரு மணி நேரம் காத்திருந்தது. சோறு, காரக் குழம்பு, எண்ணெய்க் கத்திரிக்காய். வேறு இலை போட்டுப் படைத்து, கற்பூரம் காட்டி, எல்லாரும் விழுந்து கும்பிட்டு எழுந்தார்கள். செல்லியம்மாள் படத்துக்கு முன்னால் இருந்த அந்த இலையைக் காட்டி என்னைப் பார்த்தாள்.

"உக்காரு."

நாங்கள் வேதக்காரர்கள். படைத்ததைத் தொடமாட்டோம். சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்தது அது. அவளுக்கும் தெரியும், சுற்றி நின்றவர்களுக்கும் தெரியும். நான் உட்கார்ந்தேன். எட்டு மாதம் கூசாத கைக்கு அன்றைக்கு மட்டும் என்ன ஆசாரம்?

பிசைந்து வாயில் வைத்தேன். அவள் எதிரே குந்திக்கொண்டு என் வாயையே பார்த்தாள்.

"எப்டி கீது?"

"நல்லா கீதும்மா."

"தெனமும் இப்டித்தான் இருந்துச்சா?"

"ஆமாம்மா."

"எம்புள்ள இத்தத் துன்னாமயே பூட்டானே" என்றாள். சத்தம் போட்டு அழவில்லை. "எப்டியும் போறவன். துன்னுட்டாவது போயிருக்கலாமே."

அந்த எட்டு மாதத்தில் ஒரு நாளாவது கேரியரை அவன் பக்கம் தள்ளி, ஒரு வாய் தின்னுடா என்று நான் சொன்னதில்லை. சொன்னால் எனக்குக் குறைந்துவிடுமே.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே இடது கையால் பையிலிருந்து தாளை எடுத்துக் கீழே வைத்தேன். அவள் என்ன ஏது என்று கேட்கவில்லை. மைப்பெட்டி கொண்டுவரச் சொல்லி, கட்டை விரலை அழுத்தி, தாளை மருமகள் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

கனகவல்லி சோற்றுக் குண்டானோடு வந்தாள். மறுசோறு போட்டாள். குழம்பு ஊற்றினாள். போதும் என்று நான் கை காட்டியும் நிறுத்தவில்லை. பிறகு எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

"பதினாறு நாளா என் கையால நானே அவரக் கொன்னுட்டேன்னு நெனச்சிகினு இருந்தேன். உங்களுக்குத் தெரியுமே அண்ணா. ஏன் சொல்லல?"

 என் வாய் நிறைய அவள் போட்ட சோறு இருந்தது.